திரையில் தெரியாத முப்பது

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது, "நான் அங்கே இல்லவே இல்லையே" என்று சொன்னாலும் சொல்வார்கள். பாகலூர் யூனிட் ஹெச்.ஆர். மேனேஜர் சீனிவாசன். கம்பெனிக்கு ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர் நாகராஜ். ஐ.டி. மேனேஜர் ரேணுகா மேடம். உலோகப் பாகங்களின் விளிம்பில் பிசிறு, அதாவது பர், எடுக்கும் பிரிவில் காண்ட்ராக்டில் வேலை பார்த்த மாதம்மா, மற்ற பெண்களுக்கும் சேர்த்துப் பேச வந்தவள். மேடத்துக்குக் கீழே சிஸ்டம் அசிஸ்டென்டாக இருந்த நான், பஷீர். மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன் ஒன்று. அதற்குள் பெங்களூர் ஹெட் ஆபீஸ் இன்ஜினியர் விவேக். டீ நாலுதான் வந்தது. என்னுடையதை மாதம்மா பக்கம் நகர்த்தினேன். அவள் தொடவில்லை.

விஷயம் இதுதான். கோடையில் ஆர்டர் நெருக்கிய மாதங்களில் பெண்கள் பார்த்த டபுள் ட்யூட்டிக் கணக்கு, வருகை எழுதும் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து காணாமல் போயிருந்தது. தீபாவளிக்கு முன்னால் மொத்தமாகக் கைக்கு வர வேண்டிய பணம். மாதம்மா அந்தப் பணத்தை நம்பி மகளின் கல்யாணச் சங்கிலியை பேங்கில் அடகு வைத்திருந்தாள். ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. சங்கிலி கழுத்தில் இல்லாமல் மகள் தங்கள் வீட்டு வாசல் ஏறக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். மகள் தளியில் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

நான் ரிட்டையர் ஆன பிறகு, என் நாற்காலிக்கு வந்த பிள்ளைகள் போனில் கேட்டார்கள். "பாய், இப்போ எல்லாம் இன்டர்நெட் வழியாவே பாலிசி போடறோம். நீங்க அந்த டெம்ப்ளேட் எல்லாம் ஒரே இடத்துல எப்படி வெச்சுப் பாத்துக்கினீங்க, எழுதிக் குடுங்களேன்." எழுத உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பித்தாலும் கை அந்த அறைக்கே போகிறது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

நான் சிங்காரப்பேட்டைக்காரன். ஒன்பதாவதோடு நின்றவன். ஓசூர் வந்து, தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேலே தவழ்ந்து கேபிள் இழுத்தேன். எட்டு நிறக் கம்பிகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதுதான் நான் முதலில் படித்த பாடம். பிறகு கீபோர்டு மாற்றுவது, பிரிண்டரில் மாட்டின காகிதம் எடுப்பது. அப்படியே கம்பெனியில் ஒட்டிக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், இன்றைக்கும். பயம் அதிகம். ரூமைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். என் சம்சாரம் சொல்வாள், "உங்களுக்கு வேலை போகாது. தூக்கம்தான் போகும்."

ரேணுகா மேடம் ஆனேக்கல் பக்கம். கன்னடம் கலந்த தமிழ். சர்வர் ரூமுக்குள் செருப்பு போட மாட்டார். பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக் குடித்துக்கொண்டே இருப்பார். மவுசைத் தொடவே மாட்டார். என்னை உட்கார வைத்து, எனக்கு இடதுபக்கம் கொஞ்சம் பின்னால் நாற்காலி போட்டுக்கொள்வார். "ஓது" என்பார். கன்னடத்தில் ஓது என்றால் வாசி. திரையில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் நான் எழுத்துக் கூட்டி சத்தமாக வாசிக்க வேண்டும். சரி என்றால் "முந்தே" என்பார், அடுத்தது என்று அர்த்தம். அவர் "முந்தே" சொல்லாமல் என் விரல் அமுங்கக் கூடாது. நான் அவசரப்பட்டால், "பஸ்ஸு ஒண்ணும் போயிடாது பஷீர். நிதானமா ஓது" என்பார். ஆபீசில் மற்றவர்களுக்கு இது வேடிக்கை. பர்ச்சேஸ் குமார் எட்டிப் பார்த்து, "பாய் ஓதறாரு, எல்லாம் தொப்பியைப் போட்டுக்குங்க" என்பான். மேடம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எனக்குத்தான் காது சூடாகும். ஆனால் ஒன்று, வேகமாக வாசிக்கத் தெரிந்தவன் தாண்டிப் போகிற வரியை என்னால் தாண்ட முடியாது. மேடம் என்னை அதற்காகத்தான் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு மூன்று யூனிட். ஓசூரில் ஒன்று, பாகலூரில் ஒன்று, பார்டர் தாண்டி கர்நாடகத்தில் ஒன்று. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து மெயின் சர்வரில் இருந்து உத்தரவு போடுவோம். இதில் பென் டிரைவ் போடக் கூடாது, அது இத்தனை நிமிஷத்தில் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், இப்படி. அந்த உத்தரவுக்குப் பெயர் பாலிசி. என்னென்ன உத்தரவு போடலாம் என்று பட்டியல் காட்டுகிற ஃபைல்களுக்குப் பெயர் டெம்ப்ளேட். ஓட்டலில் மெனு கார்டு மாதிரி. மூன்று யூனிட்டில் மூன்று பேர் தங்கள் தங்கள் கம்ப்யூட்டரில் வெவ்வேறு மெனு கார்டு வைத்திருந்தால், ஒருவர் போட்ட உத்தரவு இன்னொருவர் கண்ணுக்கே தெரியாமல் போகும். அதனால் எல்லா டெம்ப்ளேட்டையும் சர்வரில் ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டும். யார் எங்கிருந்து பாலிசியைத் திறந்தாலும் அங்கிருந்துதான் வாசிக்கும். சென்ட்ரல் ஸ்டோர் என்று பேர். இன்டென்ட் சீட்டு பார்த்து நட்டு போல்ட்டு கொடுக்கும் ஸ்டோர் கீப்பர் மல்லேஷ், "உங்க ஸ்டோருக்கும் இன்டென்ட் போடணுமா பாய்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பான்.

அந்த ஃபோல்டரில் கை வைப்பதற்கு மேடம் வைத்திருந்த முறை இது. புது டெம்ப்ளேட் வந்தால் பழைய ஃபோல்டரை அழிக்கக் கூடாது. காப்பி எடுத்து, மாதத்தைப் பெயராக வைத்து, ஓரமாகப் போட வேண்டும். புதியவற்றை ஒரே ஒரு சர்வரில் மட்டும் வைக்க வேண்டும். மற்ற யூனிட் சர்வர்களுக்கு அது தானாகப் போய்ச் சேரும். சேர்ந்ததா என்று பஸ் ஏறிப் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டெம்ப்ளேட்டுக்கும் ஜோடியாக ஒரு மொழி ஃபைல் உண்டு, அதில்தான் நாம் படிக்கிற வார்த்தைகள் இருக்கும். ஜோடி ஜோடியாகச் சரிபார்க்க வேண்டும். எது புதிதாக வந்தது என்பதை விட எது இல்லாமல் போனது என்பதை முதலில் தேட வேண்டும். "வந்தது தன்னையே காட்டிக்கும். போனது காட்டாது" என்பார்.

பிறகு ஹெட் ஆபீஸ் எல்லா யூனிட்டையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. சென்ட்ரல் ஸ்டோரை விவேக் பார்ப்பான், நாங்கள் கேட்டால் பார்க்க மட்டும் அனுமதி. விவேக் கெட்டவன் இல்லை. மரியாதையான பையன். என்னை "பஷீர் சார்" என்றுதான் கூப்பிடுவான். மாற்றின மாதத்தில் ஒரு மெயில் வந்தது, டெம்ப்ளேட் எல்லாம் புதுசு போட்டாயிற்று, சில்லறை சில்லறையாக இருந்த பாலிசிகளை ஒன்றாக்கி எல்லா யூனிட்டுக்கும் ஒரே பாலிசி போட்டாயிற்று என்று. மேடம் அந்த மெயிலைப் படித்துவிட்டு வெந்நீரை ஊற்றினார். குடிக்கவில்லை.

அடுத்தது ஆயுத பூஜை.

எங்கள் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்கள் வருஷம் பூராவும் அணையாது. ஷிப்ட் மாறும், ஆள் மாறும், திரை மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். லைனில் உள்ளவற்றுக்கு அப்டேட்டும் கிடையாது. ரீஸ்டார்ட் ஆனால் புரொடக்ஷன் நிற்கும் என்று நிறுத்தி வைத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு மட்டும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பிளான்ட் இன்ஜினியர் உறுதியாக இருப்பார், மெஷினுக்கும் ஒரு ராத்திரி ஓய்வு வேண்டும் என்று. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். துடைக்கிற வேலை என்னுடையது. பொரி கடலை எனக்கும் ஒரு பொட்டலம் வரும். எனக்கு அந்த நாள் வந்தாலே பயம். வருஷம் பூரா ஓடின கம்ப்யூட்டரை அணைத்தால் திரும்ப உயிர் வருமா என்று. பவர் சப்ளை ஸ்பேர் எடுத்து வைத்திருப்பேன். அந்த வருஷம் எல்லாம் ஒழுங்காக உயிர் பெற்றன. டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் எழும்ப மட்டும் கொஞ்சம் தாமதமானது. வயசாச்சு, மூச்சு வாங்குது என்று நினைத்தேன். அந்தத் தாமதத்தில்தான் உள்ளே அழிந்துகொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

டபுள் ட்யூட்டிக் கணக்கைக் கம்பெனியின் மெயின் சிஸ்டத்தில் ஏற்ற மாட்டார்கள். சட்டத்துக்கு மேலே போகிற மணி நேரம் அது. வெளியில் இருந்து ஆடிட் வருகிறவர்கள் பார்த்தால் ஆர்டர் போகும். அதனால் பஞ்ச் மெஷினில் ஒரு ஷிப்ட், கோபியின் கணக்கில் இன்னொரு ஷிப்ட். கோபி என்பது காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளன். டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தன் பெயரில் நுழைந்து, டெஸ்க்டாப்பில் ஒரு எக்செல் ஃபைலில் ஏற்றி வைப்பான். எல்லாருக்கும் தெரியும். யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். நெருக்கடி முடிந்ததும் கோபி ஜிகணியில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் பெயரில் யாரும் நுழையவில்லை. பூஜை முடிந்து ஒரு வாரம் கழித்து, தீபாவளிக் கணக்குப் பார்க்க காண்ட்ராக்டரின் புது ஆள் வந்து கேட்டபோது, கோபியின் பெயரும் இல்லை, டெஸ்க்டாப்பும் இல்லை, ஃபைலும் இல்லை.

கோபிக்குப் போன் போட்டேன். "நான் எங்கண்ணா காப்பி வெக்கிறது? பென் டிரைவ் சொருகினா கொய்ங்னு கத்துது. நீங்கதானே பூட்டி வெச்சீங்க" என்றான். அதுவும் உண்மைதான்.

கம்ப்யூட்டரை உடனே அணைத்து, டிஸ்கைக் கழற்றி, மேடமும் நானும் வேறொன்றில் மாட்டித் தேடினோம். அழிந்த ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேர் வெகு நேரம் ஓடியது. ஃபைலின் பெயர் வந்தது. அளவுகூட வந்தது. திறந்தால் உள்ளே வெறும் பூஜ்யம், முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை. கம்ப்யூட்டர் பழசு, டிஸ்க் மட்டும் மாற்றிப் போட்ட புது ரகம், அழித்ததைத் தானே துடைத்துவிடும். மேடம் "முந்தே" என்றார், பழக்கத்தில். முந்தே ஒன்றும் இல்லை.

அதற்கு மறுநாள்தான் அந்த மீட்டிங்.

சீனிவாசன் சார் ஆரம்பித்தார். "யார் டெலீட் பண்ணாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் விவேக், "சார், நாங்க எதுவும் பண்ணலை சார். பாலிசியில அப்படி ஒரு செட்டிங்கே கிடையாது. வேணும்னா ஓப்பன் பண்ணிப் பாருங்க" என்றான்.

திறந்து பெரிய திரையில் போட்டேன். ஒவ்வொரு தலைப்பாகத் திறந்து காட்டினேன். அவன் சொன்னது சரி. கம்ப்யூட்டரில் நுழையும் ஆட்களின் பெயர், டெஸ்க்டாப் சம்பந்தப்பட்ட தலைப்பே அந்தப் பட்டியலில் இல்லை.

"அப்போ பேய் வந்து அழிச்சுதா பாய்?" என்றார் சீனிவாசன் சார். நாகராஜ் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "பஷீர், டெம்ப்ளேட்டைப் பாத்துக் காட்டற இந்த எடிட்டர் வேண்டாம். ரிப்போர்ட் எடு. பாலிசியில நெஜமா இருக்கறது எல்லாம் அதுல வரும். ஓது."

வாசித்தேன். அத்தனை பேர் முன்னால் எழுத்துக் கூட்டி. பென் டிரைவ், முந்தே. ஸ்கிரீன் லாக், முந்தே. கடைசியில், டெம்ப்ளேட்டில் பெயர் கிடைக்காத உத்தரவுகள் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒரே வரி. "க்ளீ... னப். ப்ரொ... ஃபைல்ஸ். மதிப்பு முப்பது."

மேடம் "முந்தே" சொல்லவில்லை.

அவரே விளக்கினார். முப்பது நாள் யாரும் நுழையாத பெயர் இருந்தால், கம்ப்யூட்டர் அடுத்த தடவை ரீஸ்டார்ட் ஆகும்போது அந்தப் பெயரையும் அதன் டெஸ்க்டாப்பையும் அழித்துவிட வேண்டும் என்கிற உத்தரவு அது. "அந்த முப்பதைப் போட்டது நான்" என்றார். "ட்ரெயினிங் ரூமுக்கு மட்டும் போட்டேன். பேட்ச் பேட்சா அப்ரென்டிஸ் பசங்க வந்து போவாங்க, டிஸ்க் ரொம்பிடும். அங்கே அது சரி."

"இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டது சீனிவாசன் சார்.

ஸ்பீக்கரில் விவேக் மெதுவாக, "பொது பாலிசிக்கு ட்ரெயினிங் ரூம் பாலிசியைத்தான் காப்பி எடுத்தேன் மேடம். அதுதான் நீட்டா இருந்துது. ஒவ்வொண்ணா செக் பண்ணேன். இந்த வரி எனக்குத் தெரியவே இல்ல" என்றான்.

"தெரியாது. நீ போட்ட புது டெம்ப்ளேட்ல அந்த ஒரு ஃபைல் இல்லை. பழைய ஃபோல்டர் எங்கே?"

"டெலீட் பண்ணிட்டேன் மேடம். க்ளீனா இருக்கட்டும்னு."

மெனு கார்டில் பெயர் இல்லை என்பதற்காக அடுப்பில் வைத்தது வேகாமல் இருக்குமா? அதுதான் நடந்தது. உத்தரவு மூன்று யூனிட்டுக்கும் போய் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல், ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்தது. எங்கள் ஊரில் ரீஸ்டார்ட் என்பது ஆயுத பூஜைக்குத்தான்.

சீனிவாசன் சார் நாற்காலியில் சாய்ந்தார். "இதெல்லாம் டெக்னிகல். மாதம்மா, உனக்கு ஏதாவது புரியுதா?"

"புரியுது சார்" என்றாள். "ஆர்டர் போட்டது கம்பெனி. எங்க கணக்கு போனது அந்த ஆர்டர்ல. அப்போ குடுக்க வேண்டியது கம்பெனிதானே?"

"நான் எப்போமா இல்லேன்னேன்?" நாகராஜ் கையை விரித்தார். "கணக்கைக் காட்டு. இப்பவே குடுக்கறேன்."

"எத்தனை டபுள் பாத்தேன்னு எனக்குத் தெரியும். டபுள் பாத்தா தளிக்குக் கடைசி பஸ் போயிடும். அன்னிக்கெல்லாம் பாகலூர்ல தங்கச்சி வூட்டுலதான் படுத்தேன். எத்தனை நாள் படுத்தேனோ அத்தனை டபுள். அவளைக் கூப்புட்டுக் கேளுங்க. அவ புருஷன் மொணமொணன்னு மொணகிக்கினே எண்ணி வெச்சிருக்கான்."

"உன் தங்கச்சி வூடு என்ன டைம் ஆபீஸா?" என்றார் நாகராஜ்.

"டைம் ஆபீஸ்லதான் ஒண்ணும் இல்லையே சார். அவ வூட்டுலயாவது இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்து, பயத்தில் அடங்கிப்போனது. மீட்கப்போனதில் ஃபைலின் பெயர் கிடைத்தது, அளவும் கிடைத்தது, கணக்கு இருந்தது என்பதற்கு அது சாட்சி என்று நான் சொன்னேன். சீனிவாசன் சார் என்னைப் பார்க்காமலே, "பேரை வெச்சு எப்படி பாய் பணம் குடுக்கறது?" என்றார். மேடம், "பெண்கள் சொல்ற கணக்கை ஏத்துக்கணும். அழிச்சது நாம. நிரூபிக்கறது மட்டும் அவங்க வேலையா?" என்றார். "மேடம், முப்பது நான் போட்டேன்னு நீங்களே சொன்னீங்க. அதை மீட்டிங் மினிட்ஸ்ல ஏத்திடறேன்" என்றார் சீனிவாசன் சார், வெகு மரியாதையாக.

நாகராஜ் அந்த வாரமே ஒரு வழி சொன்னார். கேட்கிறதில் பாதி தருவேன். முழுக் கணக்கும் தீர்ந்தது, இனி பாக்கி ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். தீபாவளி நெருங்கிவிட்டது. வீட்டில் பிள்ளைகள் துணி கேட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொருத்தியாகப் போட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாதம்மா மட்டும் போடவில்லை. பாதியை வாங்கினாலும் சங்கிலியை மீட்க முடியாது, முழுதும் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தால் அப்புறம் கேட்கவும் முடியாது என்றாள். கணக்கு சரிதான். நான் கொஞ்சம் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். "நீங்க எதுக்கு பாய் குடுக்கறது? நீங்களா வேலை வாங்கினீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

தீபாவளி முடிந்து சங்கிலி ஏலம் போனது. மகள் தளியிலேயே இருக்கிறாள். டெய்லரிங் செய்கிறாள் என்று கேள்வி.

மேடத்துக்கு மெமோ வந்தது. அதில் விவேக்கின் பெயர் இல்லை, டெம்ப்ளேட் என்ற வார்த்தை இல்லை, முப்பது மட்டும் இருந்தது. அவர் பதில் எழுதினார், நடந்தது நடந்தபடி. லேபர் ஆபீசில் மாதம்மா கொடுத்த மனுவுக்கும் அதே மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொங்கலுக்கு முன்னால் வேலையை விட்டுப் போனார், அல்லது விட வைத்தார்கள். கடைசி நாள் சர்வர் ரூமுக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு, "நிதானமா ஓது பஷீர். யாரும் கேக்கலேன்னாலும் ஓது" என்றார். நான் ரிட்டையர் ஆகும் வரை தனியாகவே ஓதினேன். முந்தே சொல்ல ஆள் இல்லாமல் ஒவ்வொரு வரியிலும் விரல் நின்றது. ஆயுத பூஜை வந்தால் முதல் நாளே எல்லா யூனிட் ரிப்போர்ட்டையும் எடுத்து, கடைசித் தலைப்பில் இருந்து ஆரம்பிப்பேன்.

லேபர் ஆபீசில் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் நாகராஜ் காண்ட்ராக்டை மச்சான் பெயருக்கு மாற்றிவிட்டார். பழைய பெயரில் கம்பெனியே இல்லை என்று பதில் வந்தது. மாதம்மா இப்போது பாகலூர் பக்கம் ஒரு பசுமைக் குடிலில் ரோஜா வெட்டுகிறாள்.

போன மாதம் பஸ்சில் பார்த்தேன். கை விரல் பூராவும் முள் கீறல். பக்கத்தில் இடம் இருந்தது, உட்காரச் சொன்னாள்.

"ரிட்டையர் ஆயிட்டீங்களாமே பாய். உங்க காசு எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"கம்ப்யூட்டர்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பரவால்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் வர வேண்டியது இருபத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய்.